கல் தட்டையாக வருகிறதா, கண்ணாடி வெளுக்கிறதா? இடைக்காலத் தேவாலயங்களில் படமெடுக்கும்போது வரும் கோளாறுகள்

ஐரோப்பா போய்ப் பழைய தேவாலயங்களைப் படமெடுத்து வருபவர்களிடம் கேட்டால் குறை ஒன்றுதான்: நேரில் பார்த்தது ஒன்று, படத்தில் இருப்பது ஒன்று. உடனே கேமராவை மாற்றலாமா, புது லென்ஸ் வாங்கலாமா என்று பேச்சு போகும். என்னைக் கேட்டால் பாதிக்கு மேற்பட்ட கோளாறு கேமராவில் இல்லை. எந்த வாசலுக்கு எந்த நேரத்தில் போய் நின்றோம், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தோம் என்பதில்தான் இருக்கிறது. உங்கள் படத்தில் தெரியும் அறிகுறியைக் கீழே தேடிக்கொள்ளுங்கள். உதாரணங்கள் பெரும்பாலும் பிரான்சின் 12, 13ஆம் நூற்றாண்டுத் தேவாலயங்கள். இத்தாலி சில இடங்களில் தலைகாட்டும்.

அறிகுறி: சிற்பத்தில் ஆழமே இல்லை, சாம்பல் நிறப் பலகை போல இருக்கிறது

வெளிச்சம் சிற்பத்துக்கு நேர் எதிரிலிருந்து விழுகிறது, அல்லது எல்லாப் பக்கமும் சமமாகப் பரவிக் கிடக்கிறது. செதுக்கிய ஆழத்தைக் காட்டுவது நிழல். நிழல் விழ வேண்டுமென்றால் வெயில் சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டிலோ மேலிருந்தோ வர வேண்டும்.

இதைச் சரிசெய்ய முதலில் பார்க்க வேண்டியது திசைகாட்டி. அந்தக் காலத் தேவாலயங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பீடம் கிழக்கே, பெரிய வாசல் மேற்கே. ஆகவே மேற்கு வாசல் சிற்பங்கள் காலை முழுக்க நிழலில்தான் இருக்கும். மதியம் தாண்டி வெயில் அந்தச் சுவரைத் தொட ஆரம்பிக்கும் முதல் ஒரு மணி நேரம் பொன்னான நேரம். சாய்ந்து வரும் அந்த ஒளியில் ஒவ்வொரு விரலும் தனியாகப் பிரிந்து தெரியும். சாயங்காலம் ஆக ஆகச் சூரியன் நேர் எதிரே வந்துவிடும். நிறம் அழகாக இருக்கும், ஆழம் போய்விடும். தெற்கு வாசலுக்கு நடுக்காலையும் நடு மாலையும் நல்லது. உச்சி வெயிலில் புருவத்தின் நிழல் கண்ணை மூடிவிடும். வடக்கு வாசலில் கோடையின் விடியலிலும் அந்தியிலும் மட்டுமே வெயில் எட்டிப் பார்க்கும். மற்ற நேரமெல்லாம் வானத்து வெளிச்சம்தான்.

கொங்க் ஊரின் மேற்கு வாசலை எடுத்துக்கொள்ளுங்கள். வாசலுக்கு மேலே அரைவட்டமாக இருக்கும் சிற்பப் பரப்பை டிம்பனம் என்பார்கள். இங்கே அதில் கடைசி நாள் தீர்ப்புக் காட்சி. எல்லாரும் நடுவில் இருக்கும் கிறிஸ்துவைப் பார்த்துக் கேமராவைத் தூக்குவார்கள். கொஞ்சம் மேலே, வளைவின் விளிம்பைப் பாருங்கள்: சின்னச் சின்ன முகங்கள், கல் பட்டையைச் சுவர் மேலிருந்து எட்டிப் பார்ப்பது போல இரு கையாலும் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கும். காலை நிழலில் எடுத்தால் அவை வெறும் முண்டுகள். வெயில் உரசும்போது எடுத்தால் பட்டையைப் பற்றிய விரல்கள்கூடத் தெரியும். பழைய நீலமும் சிவப்பும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடங்களும் உண்டு.

சில வாசல்களில் இந்த வைத்தியம் செல்லாது. ஓத்தான் தேவாலயத்தின் டிம்பனம், சுமார் 1130 வாக்கில் செதுக்கியது, ஆழமான முன்மண்டபத்துக்குள் இருக்கிறது. 1766இல் அங்கிருந்த குருமார்களுக்கு இந்த வேலை கரடுமுரடாகத் தோன்ற, மொத்தத்தையும் சாந்து பூசி மூடிவிட்டார்கள். கிறிஸ்துவின் தலை மட்டும் வெளியே துருத்திக்கொண்டு பூச்சுக்கு இடைஞ்சலாக இருந்ததால் அதை உடைத்தெடுத்தார்கள். 1837இல் பூச்சைப் பெயர்த்தபோது உடல் அப்படியே இருந்தது. தலை 1948இல்தான் திரும்பி வந்து சேர்ந்தது. பூச்சுக்கு அடங்காத அளவு புடைப்பு உள்ள சிற்பம் அது. அதையும் நட்டநடுவில் நின்று எடுத்தால் தட்டையாகிவிடும்! இப்படிப்பட்ட இடத்தில் நடுவை விட்டு விலகி, பக்கவாட்டில் நாற்பது டிகிரி அளவுக்குப் போய் நில்லுங்கள். முழுக் காட்சிக்கு ஒரு படம் போதும். மீதியைத் துண்டு துண்டாக எடுங்கள்: பார்ப்பவருக்கு வலப்பக்கம், கீழ்ப் பட்டையில், மேலிருந்து இறங்கும் இரண்டு ராட்சசக் கைகள் ஒருவனின் தலையைக் கவ்விப் பிடித்திருக்கும். அது ஒன்றே தனிப் படம்.

ஃபிளாஷ் போட்டால் ஆழம் வருமா என்று கேட்பவர்கள் உண்டு. வராது. கேமரா மேலிருக்கும் ஃபிளாஷும் நேர் எதிர் வெளிச்சம்தான். நோயையே மருந்தாகக் கொடுத்த கதை.

அறிகுறி: படம் மங்கல்

மங்கலில் மூன்று வகை உண்டு. படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆட்டம். ஓர் இடம் கூர்மை, பக்கத்து இடம் குழைவு என்றால் போகஸ் ஆழம் போதவில்லை. எதுவுமே கூர்மை இல்லை, இழுவையும் இல்லை என்றால் கேமரா வேறெங்கோ போகஸ் பிடித்திருக்கிறது.

கை ஆட்டத்துக்கு: ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 50 மிமீ லென்ஸுக்கு 1/60, 200 மிமீக்கு 1/250 நொடி என்பது பழைய கணக்கு. அதிக மெகாபிக்சல் உள்ள கேமராவில் அதையும் பாதியாக்க வேண்டியிருக்கும். ஆட்டம் குறைக்கும் வசதி கேமராவில் இருந்தால் இன்னும் மெதுவாகப் போகலாம். ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, கூட்டப் பயப்படாதீர்கள். 3200, 6400 எல்லாம் இன்றைய கேமராக்களுக்குச் சாதாரணம். அதனால் புள்ளி விழுந்த படத்தை மென்பொருளில் தேற்றிவிடலாம், ஆடிய படத்தைத் தேற்ற முடியாது. முக்காலிக்குப் பல இடங்களில் அனுமதி இல்லை. தோளைத் தூணில் சாய்த்துக்கொள்ளுங்கள், அல்லது பெஞ்சின் முதுகில் சுருட்டிய ஸ்வெட்டரை வைத்து அதன்மேல் கேமராவை வைத்து, இரண்டு நொடி டைமர் போடுங்கள். கல்லறை மேலும் பீடத்தின் மேலும் மட்டும் எதையும் வைக்காதீர்கள்.

போகஸ் ஆழத்துக்கு ஒரு கணக்கு. ஃபுல் பிரேம் (35 மிமீ ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 85 மிமீ லென்ஸ், இரண்டு மீட்டர் தூரம், லென்ஸ் துளை எஃப்/2.8 (எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்) என்றால் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 9 செமீதான். மூக்கு விழும், காது விழாது. எஃப்/8க்கு வந்தால் சுமார் 27 செமீ. சிற்பத்துக்கு எஃப்/8 பழகிக்கொள்வது நல்லது.

கேமரா போகஸ் பிடிக்காமல் முன்னும் பின்னும் அலைந்தால், இருட்டில் வழவழப்பான கல்லைக் காட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் ஒரு விளிம்பைக் காட்டுங்கள். அப்புறம், போகஸுக்கு உதவும் அந்தச் சின்ன விளக்கை மெனுவில் அணைத்துவிடுங்கள். பிரார்த்தனை செய்பவரின் முகத்தில் ஆரஞ்சு வெளிச்சம் அடிப்பது யாருக்கும் பிடிக்காது.

அறிகுறி: தூண்தலைச் சிற்பம் என்னவென்றே புரியவில்லை, தாடையும் மூக்குத் துவாரமும்தான் தெரிகிறது

தூண்தலை என்பது தூணின் உச்சியில் இருக்கும் செதுக்கிய கல். நீங்கள் தூணுக்கு மிக அருகே நிற்கிறீர்கள். ஆறு மீட்டர் உயரத்தில் சிற்பம், மூன்று மீட்டர் தள்ளி நீங்கள் என்றால் கேமரா ஏறக்குறைய 55 டிகிரி மேல்நோக்கும். அதே சிற்பத்தைப் பத்து மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் 24 டிகிரி. ஆகவே நடுக்கூடத்தின் எதிர்ப்பக்கத்துக்குப் போய், 200 மிமீ வரை போகும் லென்ஸால் இழுங்கள். அருகே போனால் நன்றாக விழும் என்ற பழக்கம் இங்கே எதிரி.

இன்னொன்று: தூண்தலையைப் பல பக்கம் செதுக்கியிருப்பார்கள். கதை ஒரு பக்கம் தொடங்கி மறுபக்கம் முடியும். வெஸ்லேயில் மாவு அரைக்கும் சிற்பம் ஒன்று இருக்கிறது: மோசே தானியத்தைக் கொட்ட, பவுல் மாவைச் சாக்கில் பிடிக்கிறார். இருவரும் படச்சட்டத்துக்குள் வராமல் ஒருவரை மட்டும் எடுத்து வந்தால் கதையே போச்சு. சுற்றி நடந்து மூன்று கோணமாவது எடுங்கள்.

கண் மட்டத்தில் தூண்தலைகள் கிடைக்கும் இடம் இருந்தால் அதை முதலில் பாருங்கள். ஓத்தானில் 19ஆம் நூற்றாண்டுச் சீரமைப்பின்போது கழற்றிய பல அசல் தூண்தலைகள் மாடியில் உள்ள பழைய கூட்ட அறையில் இருக்கின்றன. தேவாலயத்துக்குள் அவற்றின் இடத்தில் நகல்கள். அந்த அறையில், குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ஞானிகள் உறங்கும் சிற்பம் ஒன்றுக்காகவே அந்த ஊருக்குப் போகலாம். மூவரும் கிரீடத்தைக் கழற்றாமல், வட்டமான ஒரே போர்வைக்குள் படுத்திருக்கிறார்கள். வானதூதர் ஒரே விரலால் ஒருவருடைய கையைத் தொடுகிறார். தொடப்பட்டவருக்கு மட்டும் கண் திறந்திருக்கிறது. போர்வையின் மடிப்புகள் விசிறி போல வளைந்து போகும். இங்கே சற்றே பக்கவாட்டில் நின்று, எஃப்/8இல், அந்த விரல் நுனியில் போகஸ் வையுங்கள்.

கொங்க்கில் உள்ளே எடுப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 1994 முதல் அங்கிருக்கும் சன்னல்கள் ஓவியர் பியர் சூலாஜ் வடிவமைத்தவை. நிறமில்லாத, ஒளியை ஊடுருவவிட்டு உருவத்தை விடாத கண்ணாடி. அதனால் உள்ளே வரும் வெளிச்சம் மென்மை, கல்லின் மேல் வண்ணத் திட்டு விழாது. பழைய தேவாலயத்தில் நவீனக் கண்ணாடியா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. கேமராக்காரன் கட்சியில் நான் சூலாஜ் பக்கம்தான்.

அறிகுறி: வண்ணக் கண்ணாடி வெளுத்துப்போகிறது, அல்லது கண்ணாடி சரியாக வந்து சுவர் கன்னங்கரேல் என்றாகிறது

இரண்டாவதாகச் சொன்னது கோளாறே இல்லை. உள்ளே இருட்டு, சன்னலில் வெளிச்சம்: ஒரே படத்தில் இரண்டும் அடங்காது. கண்ணாடிதான் விஷயம் என்றால் சுவர் கறுக்கட்டும்.

முதல் குறைக்குக் காரணம், கேமரா சுற்றியுள்ள இருட்டுச் சுவரையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. ஸ்பாட் அளவீட்டை (சிறு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளப்பது) கண்ணாடி மேல் வையுங்கள். அந்த வசதி இல்லையென்றால் ஒன்று அல்லது இரண்டு ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). சுவரும் கண்ணாடியும் சேர்ந்தே வேண்டுமென்றால் இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று முதல் ஐந்து படம் எடுத்துப் பின்னால் இணைக்கலாம்.

வெயில் நேராக அடிக்கும் சன்னலில் ஒரு பக்கம் எரிந்துபோகும், வெளியே நிற்கும் மரத்தின் நிழல்கூட விழும். வண்ணக் கண்ணாடிக்கு ஏற்ற நாள் வெள்ளை மேகம் மூடிய நாள். கல்லுக்கு வெயில், கண்ணாடிக்கு மேகம் என்று வைத்துக்கொண்டால் மழை மூட்டமான நாளும் வீணாகாது. சார்ட்ரில் வடக்கு வட்டச் சன்னல், சுமார் 1235இல் செய்தது, கஸ்தீல் நாட்டுப் பிளான்ஷ் அரசியின் கோட்டைச் சின்னமும் பிரெஞ்சு அரச லில்லியும் பதித்தது. வடக்கே இருப்பதால் வெளிச்சம் பெரிதாக மாறாது, நிதானமாக எடுக்கலாம். நீலக் கன்னி என்று பேர்பெற்ற மரியாள் சன்னல் தெற்குப் பக்கம் இருக்கிறது. 1194 தீயில் தப்பிய கண்ணாடி நடுவில், சுற்றிலும் 13ஆம் நூற்றாண்டுச் சேர்க்கை. வெயில் நாளில் அதற்கு அதிகாலையோ மாலையோ போவதுதான் சரி.

நீலம் ஒரே திட்டாக, உள்விவரம் இல்லாமல் வந்தால் வெளிச்சம் சரியாக இருந்தும் ஒரு நிறம் மட்டும் நிரம்பி வழிந்திருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தை வைத்துப் பாருங்கள். ரா ஃபைலில், அதாவது கேமரா தானாக மெருகேற்றாத மூலப் பதிவில், எடுங்கள். எந்த வெளிச்சத்தை வெள்ளையாகக் கொள்வது என்று சொல்லும் வைட் பேலன்ஸ் ஆட்டோவில் இருக்கக் கூடாது: நீலம் நிறைந்த சன்னலைக் கண்டதும் அது மஞ்சளைக் கலந்து "சரிசெய்து" வைக்கும். பகல் வெளிச்சம் என்று நிலையாக வைத்துவிடுங்கள்.

பாரிசின் சான்ட் ஷப்பேல், 1248இல் அர்ப்பணிக்கப்பட்டது, தனி ரகம். ஏறக்குறைய 15 மீட்டர் உயரமுள்ள 15 சன்னல்கள், 1,113 காட்சிகள். தரையில் நின்றபடி அகன்ற லென்ஸில் எடுத்தால் நிறம் மட்டும் தெரியும், கதை எதுவும் தெரியாது. ஒரு சன்னலைத் தேர்ந்தெடுத்து நீளமான லென்ஸால் கீழிருந்து மேலாகக் காட்சி காட்சியாக எடுப்பதுதான் உருப்படி.

அறிகுறி: பாதி மஞ்சள், பாதி நீலம், அல்லது படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள்

மஞ்சள் விளக்கும் சன்னல் வெளிச்சமும் ஒரே சிற்பத்தில் மோதுகின்றன. எந்த வைட் பேலன்ஸும் இரண்டையும் திருப்திப்படுத்தாது. ஏதாவது ஒன்று மட்டும் விழும் பக்கம் நகருங்கள். முடியவில்லையா, கறுப்பு வெள்ளையாக்குங்கள். கல் சிற்பத்துக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. சுவரோவியத்துக்கு அந்தச் சலுகை கிடையாது, அங்கே பின்னால் நிறத்தைச் சரிசெய்ய, முதல் படத்தில் ஒரு சாம்பல் அட்டையை வைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டைகள் விழுவது எல்இடி விளக்கின் வேலை. ஐரோப்பாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட்டு 1/50 அல்லது 1/100இல் எடுங்கள்.

இத்தாலியில் பல தேவாலயங்களின் பக்கச் சிற்றாலயங்களில் காசு போடும் பெட்டி இருக்கும். யூரோ நாணயம் போட்டால் கொஞ்ச நேரம் விளக்கு எரிந்து அணையும். படச்சட்டம், போகஸ் எல்லாம் தயார் செய்த பிறகு காசு போடுங்கள். விளக்கு எரியும் முன்பும் ஒரு படம் எடுத்து வையுங்கள். பல நேரம் அதுவே தேவலாம், விளக்கு ஓவியத்தின் மேல் வெள்ளைத் திட்டு விழுவதற்குத்தான் உதவும்.

அறிகுறி: தங்கம் பளீரென்று அடிக்கிறது, பேழைக் கண்ணாடியில் என் முகமே தெரிகிறது

இத்தாலியில் உள்ள மொன்ரேயாலே தேவாலயத்தின் தங்க மொசைக் போன்றவற்றில், தங்கத் தகடு வைத்த கண்ணாடிச் சில்லுகள் ஒரே மட்டத்தில் இருக்காது, அங்கங்கே சற்றுச் சாய்ந்திருக்கும். அதனால் பளபளப்பு உங்களோடு கூடவே நடக்கும். அரையடி நகர்ந்தால் ஒரு திட்டு அணைந்து இன்னொன்று எரியும். முகத்தின் மேல் எரியாத இடத்தைக் கண்டுபிடித்து அங்கே நில்லுங்கள். கேமரா தங்கத்தைப் பார்த்துப் படத்தை இருட்டாக்கினால் முக்கால் ஸ்டாப் கூட்டுங்கள்.

உலோகப் பளபளப்பைப் போலரைசர் என்ற வடிகட்டிக் கண்ணாடி அடக்காது. கண்ணாடிப் பேழையின் பிரதிபலிப்பை அடக்கும், ஆனால் கண்ணாடிக்கு நேரே நிற்காமல் சாய்வாக நின்றால்தான். வெளிச்சத்தில் ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் பறிபோகும். அதைவிட எளிது: கறுப்புச் சட்டை, லென்ஸ் முன்னால் மாட்டும் ரப்பர் வளையம் (ஹூட்), அதைச் சுற்றி ஒரு கறுப்புத் துண்டு.

அறிகுறி: கோபுரம் பின்னால் விழுகிறது

கேமராவை மேல்நோக்கிச் சாய்த்ததன் விளைவு. பின்னால் தள்ளிப் போங்கள், கேமராவை நேராகப் பிடியுங்கள், மென்பொருளில் நிமிர்த்தப் போவதாக இருந்தால் சுற்றிலும் தாராளமாக இடம் விட்டு எடுங்கள்.

அறிகுறி: முற்றத்தில் எடுத்தது பாதி வெள்ளை, பாதி கறுப்பு

மொய்சாக் மடத்தின் உள்முற்றம், 1100 என்ற ஆண்டு கல்லிலேயே பொறித்திருக்கிறது, 76 தூண்தலைகள். நான்கு பக்கமும் வேலைப்பாடு. முற்றத்தைப் பார்த்த பக்கம் வெயில், நடைபாதையைப் பார்த்த பக்கம் நிழல். ஒரு தடவைக்கு ஒரு பக்கம் என்று முடிவுசெய்யுங்கள். நிழல் பக்கத்தை எடுக்கும்போது பின்னால் புல்வெளி தெரியாதபடி, சுவரையோ அடுத்த தூணையோ பின்னணியாக வைத்தால் போதும், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வெளியே தெற்கு வாசலின் நடுத்தூணில் கால்களைக் குறுக்கே வைத்து நீண்டு நிற்கும் தீர்க்கதரிசி பக்கவாட்டில்தான் இருக்கிறார். வாசலுக்கு நேரே நின்று தேடினால் கிடைக்க மாட்டார்.

அறிகுறி: ஃபோனில் எடுத்தால் கல் மெழுகு மாதிரி வழவழக்கிறது

இருட்டில் ஃபோன் பல படங்களைச் சேர்த்துப் புள்ளிகளைத் துடைக்கிறது, கூடவே உளித்தடத்தையும் துடைத்துவிடுகிறது. ப்ரோ மோடில் ரா எடுங்கள். அகலக் கேமராவைத் தவிர்த்து முக்கியக் கேமராவையே பயன்படுத்துங்கள். திரையை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிட்டு, கொஞ்சம் கீழே இறக்குங்கள்.

அறிகுறி: காவலர் வந்து நிறுத்துகிறார்

வாசலில் படம் போட்ட பலகையைப் பாருங்கள்: கேமராவுக்கே தடையா, ஃபிளாஷுக்கு மட்டுமா, முக்காலிக்கா. தேவாலயத்தில் அனுமதி, கருவூலத்தில் தடை என்றும் இருக்கும். திருப்பலி நடக்கும்போது உள்ளே சுற்றாதீர்கள். அந்த நேரத்தை வெளி வாசலுக்கு ஒதுக்குங்கள். முக்காலி அவசியம் என்றால் முன்கூட்டி எழுதிக் கேட்பதுதான் வழி.

நேரக் கட்டுப்பாடுள்ள இடங்களுக்குப் பட்டியலோடு போக வேண்டும். இத்தாலியின் பதுவாவில், ஓவியர் ஜொத்தோ சுமார் 1305இல் சுவரோவியம் தீட்டி முடித்த ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயத்தில், ஈரப்பதம் சமன்செய்யும் அறையில் கால் மணி நேரம் உட்கார வைத்து, பிறகு உள்ளே கால் மணி நேரம்தான் வழக்கமாகத் தருவார்கள். அந்த முன்னறை நேரத்திலேயே ஐஎஸ்ஓ, வைட் பேலன்ஸ் எல்லாம் போட்டு முடித்துவிடுங்கள். உள்ளே போனதும் முதல் ஐந்து நிமிடம் கேமராவைத் தொங்கவிட்டுப் பாருங்கள் என்பேன். சொன்னால் யாரும் கேட்பதில்லை.

அறிகுறி: வீட்டுக்கு வந்தபின் எது எந்த ஊர் என்று தெரியவில்லை

தூண்தலைகள் எல்லாம் ஒரே மாதிரி தெரியும். ஒவ்வொரு தேவாலயத்திலும் முதல் படம் வாசல் பலகை, இரண்டாவது உள்ளே மாட்டியிருக்கும் தரைப்படம். ஒவ்வொரு சிற்பத்துக்கும் நெருக்கப் படத்துக்கு முன்னால் தூணோடு சேர்த்து ஓர் அகலப் படம் எடுத்தால், வடக்கு வரிசையா தெற்கு வரிசையா என்பது பின்னால் தெரியும். கேமராவின் கடிகாரத்தையும் மாற்றிவிடுங்கள். இந்திய, இலங்கை நேரத்திலேயே விட்டால் பிரான்சின் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் தள்ளிக் காட்டும். மேற்கு வாசலில் வெயில் எத்தனை மணிக்கு ஏறியது என்று அடுத்தமுறைக்குக் குறித்துவைக்கப் பார்த்தால், மதியம் இரண்டுக்கு எடுத்த படம் மாலை ஐந்தரை என்று சொல்லும். மறந்துவிட்டீர்கள் என்றாலும் பரவாயில்லை, படங்களை அடுக்கிவைக்கும் மென்பொருள்கள் பலவற்றில் எல்லாவற்றின் நேரத்தையும் மொத்தமாக நகர்த்தும் வசதி உண்டு. ஒரு தேவாலய மணிக்கூண்டுக் கடிகாரம் தெரியும் படம் ஒன்று கையில் இருந்தால், எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதை அதை வைத்தே சரிபார்த்துக்கொள்ளலாம்.